டிரில்லுக்கு வைத்த பொட்டு

சரஸ்வதி பூசையன்று டிரில்லுக்கு ஒரு பொட்டு வைத்ததோடு சேதுபதி கையைக் கழுவியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. அவன் மூன்று வைத்தான். வைத்தான் என்று சொல்வதுகூடத் தப்பு, அப்பினான்.

அது 1967ஆம் வருடம். கேம்பல் லேனில் இருந்த பரமசிவத்தின் எலெக்ட்ரிக் கடையில் ஆயுத பூசை என்றால் குறடு, ஸ்குரூ டிரைவர், ஏணி எல்லாமே அன்றைக்கு ஒருநாள் சாமிதான். யாரும் தொடக்கூடாது, வேலை வாங்கக்கூடாது. கும்பிட்டுவிட்டுப் பொரிகடலை தின்ன வேண்டும். வருடத்தின் மற்ற நாட்களிலும் சேதுபதி இதே முறையைத்தான் கடைப்பிடிக்கிறான் என்று பரமசிவம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அந்த வருடத்துப் புது மருமகள் ஒரு சுத்தியல் டிரில். ஜெர்மனியில் பிறந்து, சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் சில காலம் வெயில் காய்ந்து, பரமசிவம் கடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது. சுற்றிக்கொண்டே சுவரை இடிக்கவும் செய்யும். எங்கே பார்த்தாலும் அடுக்குமாடிகள் எழும்பி, சனங்கள் மூட்டை முடிச்சோடு குடிபோய்க்கொண்டிருந்த நேரம். பழைய கடைவீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் ஆணியோடு சுத்தியலும் உள்ளே போய்விடும். புது வீட்டுக் கான்கிரீட்டோ, வந்த ஆணியை எல்லாம் கொக்கியாக வளைத்துத் திருப்பிக் கொடுத்தது. ஆகவே டிரில் பிடித்த சேதுபதிக்கு ஊரில் திடீர் மரியாதை. முப்பத்தொன்பது வயதுவரை அவனை எதிர்பார்த்து யாரும் காத்திருந்ததில்லை. இப்போது மாடிப்படியில் அவன் தலை தெரிந்தால் நான்கு வீட்டுக் கதவு திறந்தது.

டிரில்மீது வந்த நன்றிதான் அவன் கண்ணை மறைத்தது. டிரில்லின் மூக்கில் 'சக்' என்று ஓர் இரும்புக் குமிழ் உண்டு. துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கிற வாய் அதுதான். குமிழைச் சுற்றி மூன்று சின்ன ஓட்டைகள். பல் வைத்த சாவியை ஓட்டையில் செருகித் திருகினால் வாய் திறக்கும். மறுபக்கம் திருகினால் கவ்வும். சேதுபதி பார்த்தான். மூன்று ஓட்டை, மூன்று கண்! பூசை அலமாரியில் இதைவிடப் பொருத்தமான சாமி கிடையாது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மூன்று கண்ணிலும் கட்டைவிரலால் அடைத்தான். மேலே குங்குமம். வாய்க்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்று, பிட்டைச் சுற்றி இருந்த இடுக்கிலும் திணித்தான். பிட்டும் லேசுப்பட்டதல்ல, கடையிலேயே தடித்த அரை அங்குல பிட். யானைக்குத் தந்தம் போல எடுப்பாக இருக்கட்டும் என்று அவனே மாட்டியது.

"டேய் சேது, மெஷினுக்கு மேலாக்க வைடா. போன வருஷம் மாதிரி பண்ணித் தொலைக்காதே," என்றார் பரமசிவம்.

போன வருடம் அவன் வோல்ட் மீட்டரின் கண்ணாடியில் சந்தனம் பூசியிருந்தான். ஒரு வாரத்துக்கு மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த வேலைக்கும் சேதுபதியையே அனுப்பினார்கள்.

"மேலாக்கத்தான் முதலாளி," என்றான் சேதுபதி, மூன்றாவது கண்ணை அடைத்துக்கொண்டே.

மறுநாள் விஜயதசமி. கும்பிட்ட கருவியைக் கையில் எடுத்து நல்ல காரியம் ஒன்றோடு ஆரம்பிக்க வேண்டிய நாள். சேதுபதியின் நல்ல காரியம் தோ பாயோவில், ஒன்பதாவது மாடியில், சந்திரமதியின் புது வீட்டில் இருந்தது. சாமிப் படங்களுக்கு ஒரு பலகைத் தட்டு. நான்கு துளை, நான்கு மர ஆப்பு, நான்கு ஸ்குரூ.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவள் போன வாரம் கேட்டிருந்தாள்.

"ஓட்டைக்கு ஒரு நிமிஷம். மொத்தம் நாலு நிமிஷம். பால் பொங்கறதுக்குள்ள முடிச்சிருவேன் லா."

சந்திரமதி பெரிய ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி. ஊரில் நர்சுகளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் சேதுபதி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு கம்பியைத் தொட்டு, மேசை மேலிருந்து பறந்து, அவள் வார்டில் போய் இறங்கினான். கைக்குக் கட்டுப் போட்டவள் அவள்தான். கட்டை முடிச்சுப் போடும்போதே கேட்டுவிட்டான்: "என்னைக் கட்டிக்கிறீங்களா மிஸ்ஸி? தினமும் கரண்ட் அடிச்சுக்கிட்டு வர வேண்டாம் பாருங்க, பஸ் செலவு மிச்சம்." அவள் தெர்மாமீட்டரை அவன் வாயில் வைத்து மூடிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பத்து தடவை கேட்டிருப்பான். பேருந்து நிறுத்தத்தில் ஒருதரம், வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஒருதரம், தேக்கா மார்க்கெட்டில் அவள் மீன் பேரம் பேசும்போது, "அந்த வஞ்சிரத்துக்கு வந்த கதி எனக்கும் வரட்டும், எடுத்துக்கங்க" என்று ஒருதரம். ஒரு தடவைகூட அவள் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதுமில்லை. "மீன் கெட்டுப் போயிரும், நான் வரேன்" என்பாள்.

இதில் சேதுபதி பிடித்துக்கொண்டிருந்த நூல் ஒன்றே ஒன்று. வார்டில் படுத்திருக்கும் ஆண்களையெல்லாம் அவள் அண்ணே என்பாள். டாக்சி ஓட்டுபவர் அண்ணே, மீன்காரர் அண்ணே, தண்டல்காரன்கூட அண்ணே. சேதுபதி மட்டும் 'மிஸ்டர் சேதுபதி'. என்றைக்காவது அவள் வாயிலிருந்து தனக்கும் அந்த அண்ணே விழுந்துவிடுமோ என்று அவனுக்கு உள்ளுக்குள் உதறல். விழுந்தால் கதை முடிந்தது. அப்புறம் அவள் கல்யாணத்துக்குப் பந்தல் கம்பத்துக்கு ஓட்டை போடத்தான் கூப்பிடுவாள்.

அந்தக் கல்யாணமும் இப்போது வாசல் வரை வந்திருந்தது. குளுவாங்கில், ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருக்கும் ஒருவருடைய வீட்டார், பால் காய்ச்சும் அன்றே சாயங்காலம் பெண் பார்க்க வருவதாகச் சந்திரமதியின் அப்பா இராமசாமி சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் தனக்கு ஒரு பதில் வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் தட்டும் சுவரில் ஏற வேண்டும். இந்த இரண்டு கணக்கோடுதான் சேதுபதி விஜயதசமியன்று காலை ஏழு மணிக்கு டிரில்லைக் கையில் எடுத்தான்.

குங்குமத்தைத் துணியால் துடைத்தான். சந்தனம் துடைக்க வரவில்லை. ஒரு ராத்திரியில் காய்ந்து ஓடாகிவிட்டிருந்தது. தட்டுக்கு வேண்டியது கால் அங்குல பிட். மாட்டியிருந்ததோ யானைத் தந்தம். சாவியைச் செருகினான், கண்ணுக்குள் இறங்கவில்லை. குண்டூசியால் தோண்டினான். குண்டூசி உடைந்து அதுவும் உள்ளே தங்கிவிட்டது. ஓடவிட்டால் அதிர்வில் உதிர்ந்துவிடும் என்று ஒரு யோசனை தோன்றியது. பின்கட்டுச் சுவரில் அழுத்தி இரண்டு நிமிடம் ஓட்டினான். சுவரில் எலி குடும்பம் நடத்தலாம் போல ஒரு பொந்து விழுந்தது. சுவர்த் தூள் போய்ச் சந்தனத்தோடு சேர்ந்து, பிட்டின் சூட்டில் வெந்து, வாய் இன்னும் கெட்டியாகப் பூட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டுப் பரமசிவம் பல் விளக்கும் வாயோடு வந்தார். "என்னடா?"

"பிட்டு கழல மாட்டேங்குது முதலாளி."

"ஏன்?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பரமசிவத்தின் கையில் பல்குச்சியும், கண்ணில் போன வருடத்து வோல்ட் மீட்டரும் தெரிந்தன.

"மழைக்காலம் இல்லையா, இரும்பு ஈரம் குடிச்சு வீங்கிடுச்சு."

"இரும்பு வீங்குமாடா?"

"ஜெர்மன் இரும்பு முதலாளி. நம்ம ஊர்ப் புழுக்கம் அதுக்குப் பழக்கமில்ல."

பரமசிவம் நுரையைத் துப்பினார். "இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். உன் மூளைதான் வீங்கிப் பார்த்திருக்கேன். கையால குத்தற துளை உளி புக்கிட் ஹோ ஸ்வீ பக்கம் ஒரு வேலைக்குப் போயிருச்சு, திங்கக்கிழமைதான் வரும். அஜீஸ் பாய்கிட்ட ஓடு. அவருகிட்டயாவது நேராப் பேசு."

அப்துல் அஜீஸின் கடைசல் பட்டறை டன்லப் ஸ்திரீட்டில், தையல் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில், ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் இருந்தது. அஜீஸ் கைப்பட்டு அசையாத இரும்பு அந்தப் பகுதியில் கிடையாது. டிரில்லை வாங்கி, காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"என்ன செஞ்சே?"

"நான் ஒண்ணுமே செய்யல பாய். துருவா இருக்கும்."

"துருவா?" மூக்கருகில் கொண்டுபோனார். "துரு ஏன்டா கல்யாண வீடு மாதிரி மணக்குது?"

"என் தலை எண்ணெய் பாய். நல்ல நாளுன்னு தேய்ச்சுக் குளிச்சேன்."

அஜீஸ் அவன் தலையைப் பார்த்தார். அதில் எண்ணெய் தேய்க்கும் அளவுக்குச் சொத்து இல்லை. இருந்தாலும் ஆள் பெரிய மனிதர், மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துரு என்றால் துருவுக்கு உள்ள வைத்தியம். சக்கின் இடுக்கில் மெல்லிய எண்ணெயை ஊற்றி ஊறவிட்டார். பிட்டை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, குழாய்க் குறட்டால் சக்கை முறுக்கினார். இடுக்கி நகர்ந்தது, மேசை நகர்ந்தது, சேதுபதியும் நகர்ந்தான், பிட் நகரவில்லை. குண்டூசித் துண்டைக் கிளறி எடுத்து, சாவியை ஒரு கண்ணில் கொஞ்சம் போல இறக்கி, சாவியின் கைப்பிடியைச் சுத்தியலால் இடப்பக்கமாக ஒரே போடு போட்டார். சக் திறக்கவில்லை, சக் முழுசாக, பிட்டைக் கவ்வியபடியே, மெஷினின் கழுத்திலிருந்து கழன்று வந்தது. பின்பக்கத்துத் துவாரத்தில் ஒரு கம்பியை விட்டுத் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட அவருக்கே கோபம் வந்தது.

"கடைசியாக் கேக்கறேன் சேது. உள்ள என்ன போச்சு? தெரிஞ்சா மருந்து போடலாம். தெரியாம அடிச்சா பல்லு உடையும், அப்புறம் சக்கைக் குப்பையிலதான் போடணும்."

"காலம் கெட்டுப்போச்சு பாய், அதான் உள்ள போச்சு."

அஜீஸ் சக்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அவன் கையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை. நான் குளிச்சுத் தொழுகைக்குப் போகணும். உனக்கு உண்மை ஞாபகம் வந்தா நாளைக்கு வா."

தலை வேறு உடல் வேறாக டிரில்லைச் சுமந்துகொண்டு சேதுபதி தோ பாயோ பஸ்ஸில் ஏறினான். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் செய்தித்தாள் பொட்டலத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தந்தத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்கு மாறி உட்கார்ந்தார். வழியெல்லாம் சேதுபதி அவளிடம் சொல்ல வேடிக்கையாக ஒரு காரணம் தேடினான். நான்கு கிடைத்தன. நான்கும் நன்றாகவே இருந்தன. அதுதான் அவனுக்கு என்றைக்கும் உள்ள கஷ்டம்.

வீட்டில் பால் காய்ச்ச எல்லாம் தயாராக இருந்தது. ராத்திரி வேலை முடித்து வந்த களை முகத்தில் இருந்தாலும் சந்திரமதி குளித்து, மாம்பழ நிறச் சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். முருகன், லட்சுமி, பிள்ளையார் மூவரும் மைலோ பெட்டி ஒன்றின்மேல் சுவரில் சாய்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல வரிசையாக நின்றார்கள். சுவரில் ஏழெட்டு இடத்தில் வெள்ளைத் தழும்பு. தரையில் வளைந்த ஆணிகள்.

"கால் கிலோ ஆணி தம்பி!" என்றார் இராமசாமி. துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டியவர். எதிரே நிற்பவரிடமும் கப்பலின் அடித்தட்டில் இருப்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். "ஒண்ணுகூட எறங்கல! சாமி தரையில நிக்குது! எங்க உன் மெஷினு?"

"கொண்டாந்திருக்கேன் ஐயா. தனித்தனியா."

ஒன்பதரைக்குப் பால் பொங்கியது. கிரசின் அடுப்பைச் சுற்றி நின்று மூவரும் கும்பிட்டார்கள். தட்டு இல்லாமலே பொங்கிவிட்டதே என்று சேதுபதி வெறும் சுவரைப் பார்த்தான். ஒரு டம்ளர் பாலைக் கொடுத்துவிட்டுச் சந்திரமதி செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இது என்ன, மிஸ்டர் சேதுபதி?"

"டிரில்லோட தலை. வாய் திறக்க மாட்டேங்குது. என்னைப் பார்த்துக் கத்துக்கும்னு நெனச்சேன், உங்களைப் பார்த்துக் கத்துக்கிச்சு."

அவள் சிரிக்கவில்லை. வார்டில் நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே நிற்கும் முகம் வந்திருந்தது.

"எப்ப ஆரம்பிச்சது?"

"காலையில."

"அதுக்கு முன்னாடி உள்ள என்ன கொடுத்தீங்க?"

"அன்புதான்."

"மிஸ்டர் சேதுபதி, எங்க வார்டுல ஒருத்தரு இருக்காரு. தொண்டையில ஏதோ அடைச்சிருக்கு. என்ன முழுங்கினீங்கன்னு கேட்டா, 'கோவத்த'ங்கிறாரு. மறுபடி கேட்டா, 'அவமானத்த'ங்கிறாரு. வார்டே சிரிக்குது. ரெண்டு நாளா எக்ஸ்ரே எடுத்து எடுத்து நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது, கட்டுப்பல்லு. மொதல்லயே பல்லுன்னு சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை."

சேதுபதி வாயைத் திறந்தான். பஸ்ஸில் தேடிய நான்கு காரணங்களும் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. அவள் கை பொட்டலத்தின் மேல் இருந்தது. ராத்திரி முழுக்கக் கண் விழித்த கை.

"சந்தனம்," என்றான்.

"என்னது?"

"சந்தனம். நேத்துப் பூசையில அந்த மூணு ஓட்டையையும் நான்தான் அடைச்சேன். வாய்லயும் திணிச்சேன். முதலாளி வேணாம்னாரு. கேக்கல. காலையில அவருகிட்ட இரும்பு வீங்கிடுச்சுன்னேன், அஜீஸ் பாய்கிட்ட துருன்னேன். அவரு பாவம், துருன்னு நம்பி ஒரு மணி நேரம் எண்ணெய் ஊத்தினாரு."

சொல்லி முடித்ததும் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வாக்கியம் ஒன்றாகப் பேசி, ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை. இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தான்.

"எதுல கொழச்சீங்க?" என்றாள் அவள்.

"பன்னீர்ல. தண்ணியும் கொஞ்சம்."

"தண்ணியில கொழச்சதைத் தண்ணியிலதான கரைக்கணும்? எண்ணெய்க்கு அது எப்படி மசியும்?" சக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "குளுக்கோஸ் ஏத்தின கண்ணாடி ஊசிய உடனே கழுவலேன்னா இப்படித்தான் உள்ள பிடிச்சுக்கும். புதுசா வர்ற பொண்ணுங்க இழுத்து இழுத்தே ஒடைப்பாங்க. வெந்நீர்ல போட்டுட்டுப் பேசாம நின்னா தானா விட்டுரும். இதுல கரண்டு சமாச்சாரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. வெறும் இரும்பு. அஜீஸ் பாய் தனியா கழட்டிட்டாரு."

"அப்பா, அந்தப் பழைய சட்டிய எடுங்க. சலவை சோடாவும்."

"எதுக்கு?"

"இத வேக வைக்க."

இராமசாமி சட்டியோடு அப்படியே நின்றார். "சந்திரா! பால் பொங்கின அடுப்பும்மா! புது வீட்டுல ரெண்டாவது சமையல் இரும்பா?"

"சாமிக்குத் தட்டு வேணுமா, வேணாமா?"

"குளுவாங்காரங்க வந்து என்ன சமைச்சேன்னு கேட்டா?"

"அரை அங்குலம்னு சொல்லுங்க ஐயா," என்றான் சேதுபதி. பழக்க தோஷம். அவள் ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான்.

சோடா அஜீஸ் ஊற்றிய எண்ணெயை முதலில் வாங்கிக்கொண்டது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கொதிக்கச் சட்டிக்குள் மஞ்சளும் சாம்பலுமாக நுரை கட்டியது. புது வீட்டில் பால் வாசனை போய்ச் சந்தன வாசனை நிறைந்தது. எதிர் வீட்டுச் சீனத்து அம்மா எட்டிப் பார்த்து, ஏதோ பூசைச் சடங்கு என்று நினைத்துக் கைகூப்பிவிட்டுப் போனாள். இராமசாமியும் வேறு வழி தெரியாமல் சட்டியைப் பார்த்துக் கும்பிட்டு வைத்தார்.

சேதுபதி மட்டும் சும்மா நிற்க முடியாமல் கையைப் பிசைந்தான். "எடுத்துத் தட்டிப் பார்க்கட்டுமா?"

"வேணாம்."

"லேசா?"

"பேசாம நில்லுங்க. அதுதான் வைத்தியம்."

கால் மணி நேரம் அவன் பேசாமல் நின்றான். மூன்று வருடப் பழக்கத்தில் அதுவே அதிகம்.

பத்தடிக்கச் சற்றே இருக்கும்போது இடுக்கியால் தூக்கித் துணியில் வைத்தாள். ஊசி போடும் சிரிஞ்சில் வெந்நீரை எடுத்து மூன்று கண்ணிலும் ஒவ்வொன்றாகப் பீய்ச்சினாள். குழம்பாக வழிந்தது. "இப்ப சாவி. ஒரே ஓட்டையில முரட்டுத்தனமா முறுக்காதீங்க. மாத்தி மாத்தி."

அது அவன் தொழிலின் பாடம். ஒரே கண்ணில் பலத்தைக் காட்டினால் வாய் கோணிக்கொண்டு இன்னும் இறுகும் என்று அவனுக்கே தெரியும். இருந்தும் அவள் சொல்லிக் கேட்பதில் ஒரு சுகம் இருந்தது. முதல் கண்ணில் செருகினான். சாவி அடிவரை இறங்கியது. கால் திருகு. இரண்டாவது கண், கால் திருகு. மூன்றாவதில் கை வைத்தபோது உள்ளே 'க்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம். யானைத் தந்தம் ஆடியது. இன்னொரு சுற்று. பிட் நழுவித் தரையில் விழுந்து, உருண்டு, பிள்ளையார் காலடியில் போய் நின்றது.

"வந்துருச்சு!" என்று இராமசாமி போட்ட சத்தம் துறைமுகத்துக்கே கேட்டிருக்கும்.

சக்கைத் துடைத்துக் காயவைத்து, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெஷினின் கழுத்தில் திருகி, கால் அங்குல பிட்டை மாட்டினான். சொன்னது போலவே ஓட்டைக்கு ஒரு நிமிடம். மாடியே அதிர்ந்தது. கான்கிரீட் தூள் அவன் புருவத்திலும் மீசையிலும் படிந்து, ஒரே நாளில் அறுபது வயது ஆக்கியது. நான்கு ஆப்பு, நான்கு ஸ்குரூ. பலகை ஏறியதும் இழுத்துப் பார்த்தான், தொங்கிப் பார்க்காத குறை. பத்து இருபதுக்கு மூன்று சாமியும் தரையிலிருந்து மேலே போனார்கள். இராமசாமி விளக்கேற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இந்தச் செய்தியை ஒன்பதாவது மாடி முழுக்க அறிவிக்க வெளியே போனார்.

சந்திரமதி துடைப்பத்தை எடுத்தாள். சேதுபதி முறத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். அவள் தூளைக் கூட்டிக் கூட்டி முறத்தில் தள்ளினாள். வளைந்த ஆணிகளும் சேர்ந்து வந்தன.

பன்னிரண்டாவது தடவை. பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தான்: 'சாமிக்கு இடம் கிடைச்சுது, இந்த ஆசாமிக்கு?' நல்ல வரிதான். நேற்றைக்கென்றால் சொல்லியிருப்பான். தொண்டையில் தூசி கரகரத்தது.

"சந்திரமதி."

மிஸ்ஸி என்றே கேட்டுப் பழகியவள் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அதற்குப் பின்னால் ஒரு வால் வரும் என்று இரண்டு பேருமே காத்திருந்தார்கள். வரவில்லை. விளக்குத் திரி ஒருதரம் படபடத்து நின்றது. வராந்தாவில் இராமசாமி யாரிடமோ 'நாலே நிமிஷம்!' என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சிரிக்கலையே நீங்க," என்றாள்.

"வரல."

"பதினோரு தடவ கேட்டீங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். பதினோரு தடவயும் சிரிச்சிட்டே கேட்டீங்க. நான் பாட்டுக்குச் சரின்னு சொல்லி, நீங்க 'சும்மாக் கேட்டேன் லா'ன்னு சொல்லியிருந்தா நான் எங்க கொண்டுபோய் மூஞ்சிய வச்சுக்கிறது? மார்க்கெட்டுல மீன்காரரு வேற பார்த்துக்கிட்டு நிக்கிறாரு." குரல் கொஞ்சம் உடைந்தது. "ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"பயம்," என்றான் சேதுபதி. "சிரிச்சுட்டே கேட்டா, நீங்க இல்லேன்னு சொன்னாலும் நானும் சேர்ந்து சிரிச்சுட்டுப் போயிரலாம்ல."

அவள் அவனையே பார்த்தாள். மீசையெல்லாம் வெள்ளைத் தூள்; கையில் முறம்; முறத்தில் கால் கிலோ கோணல் ஆணி.

"இப்ப சும்மாக் கேக்கறீங்களா?"

"இல்ல."

சந்திரமதி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முந்தானையால் அவன் மீசையில் இருந்த தூளைத் துடைத்துவிட்டாள்.

"சாயங்காலம் குளுவாங்காரங்க வந்தா அப்பா காப்பி கொடுத்து அனுப்பட்டும்," என்றாள். "நான் உங்களைக் கட்டிக்கிறேன்."